நீல அல்லி: நைல் நதியின் புனிதப் பூ மருந்தாகுமா?

அண்மைக் காலமாக இணைய விற்பனைத் தளங்களில் 'புளூ லோட்டஸ்' என்ற பெயரில் காய்ந்த பூக்கள் விற்பனைக்கு வருகின்றன. தேநீர், தூள், எண்ணெய், மின்சிகரெட்டில் ஊற்றும் திரவம் எனப் பல வடிவங்களில் கிடைக்கின்றன. பாரோ மன்னர்கள் அருந்திய மூலிகை என்கிறார்கள். நல்ல உறக்கம் வரும், மன அழுத்தம் போகும், இனிப்பு நீர் குறையும் என்றும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி சுற்றிவருவதால் நம் வீட்டுப் பெரியவர்களும் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தப் பூவுக்கு உண்மையிலேயே பெரிய வரலாறு உண்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எகிப்தியர்கள் இதைத் தெய்வமாக மதித்தார்கள். ஆனால் ஒரு பூ கோயிலில் இருந்தது என்பதும், அது நம் உடம்புக்கு மருந்தாகும் என்பதும் இரண்டு வேறு செய்திகள். முதல் செய்திக்குச் சான்று ஏராளம். இரண்டாவதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

தாமரையும் அல்லியும் ஒன்றல்ல

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'புளூ லோட்டஸ்' என்று விற்கப்படுவது தாமரை இல்லை, அது அல்லி. மலாய்ப் பேச்சில் தெராத்தாய் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதாலும், ஆங்கிலத்தில் லோட்டஸ் என்று இரண்டையும் அழைப்பதாலும் நாமும் கலந்துவிடுகிறோம்.

பார்த்தவுடன் பிரித்தறிய வழி உண்டு. தாமரை இலை முழு வட்டமாக இருக்கும், காம்பு இலையின் நடுவில் சேரும், வளர்ந்த இலைகள் தண்ணீருக்கு மேலே குடைபோல் எழுந்து நிற்கும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். அது தண்ணீரில் படிந்து மிதக்கும். சீனர்கள் சூப்பில் போடும் ஓட்டை ஓட்டையான நீளக் கிழங்கும், மூன்கேக்கின் உள்ளே வைக்கும் விதை விழுதும் தாமரையுடையவை. அல்லிக்குச் சிறிய உருண்டைக் கிழங்குதான்.

தாவரவியலில் இவை நெருங்கிய உறவுகூட இல்லை. பூக்கும் செடிகளில் மிகப் பழைய கிளைகளில் ஒன்றைச் சேர்ந்தது அல்லி. தாமரையோ வேறு ஒரு கிளையில் வந்தது. தண்ணீரில் வாழ்வதால் இரண்டும் ஒரே சாயலைப் பெற்றன, அவ்வளவுதான்.

பண்டைய எகிப்தின் புனிதப் பூ அல்லிதான். நைல் நதிக்கரையில் இரண்டு அல்லிகள் இயற்கையாக வளர்ந்தன. ஒன்று வெள்ளை, இரவில் மலர்வது. மற்றொன்று நீலம், பகலில் மலர்வது. தாமரை எகிப்துக்குப் பின்னால்தான் வந்தது. பாரசீகர் ஆட்சிக் காலத்தில், ஏறக்குறைய கி.மு. 500ஐ ஒட்டி, கிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதற்கு முந்தைய எகிப்தியச் சுவர் ஓவியத்தில் நீங்கள் எந்தத் தாமரையைப் பார்த்தாலும் அது அல்லி என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூரியன் பிறந்த பூ

நீல அல்லி காலையில் மலரும். பிற்பகலில் இதழ் மூடும். மறுநாள் காலை மீண்டும் விரியும். இப்படி மூன்று நான்கு நாள் நடந்த பிறகு பூ தண்ணீருக்குள் தலை சாய்த்து விதை கட்டத் தொடங்கும். பூவின் நடுவே பொன் மஞ்சள் நிறம், சுற்றிலும் வான நீல இதழ்கள். இதைத் தினமும் பார்த்த நதிக்கரை மக்களுக்குச் சூரியன் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

ஆதியில் எங்கும் இருண்ட வெள்ளம் மட்டுமே இருந்தது, அதிலிருந்து ஓர் அல்லி மேலே எழுந்தது, அதன் இதழ் விரிந்தபோது உள்ளிருந்து சூரியன் குழந்தையாக வெளிப்பட்டான் என்பது எகிப்தியர்களின் படைப்புக் கதைகளில் ஒன்று. அந்த அல்லிக்கே ஒரு தெய்வம் உண்டு. பெயர் நெஃபர்டெம். மெம்ஃபிஸ் நகரில் தந்தை பிதா, தாய் செக்மெத், மகன் நெஃபர்டெம் என மூவரையும் ஒரு குடும்பமாக வழிபட்டார்கள். தலையில் அல்லிப்பூவைச் சூடிய இளைஞனாக நெஃபர்டெமைச் சிலைகளில் காணலாம். நறுமணத்துக்கும் அவரே அதிபதி.

இறந்தவர் மீண்டும் எழ வேண்டும் என்ற நம்பிக்கையிலும் இந்தப் பூவுக்கு இடம் இருந்தது. 'இறந்தோர் நூல்' என்று அழைக்கப்படும் மந்திரத் தொகுப்பில், இறந்தவர் அல்லியாக உருமாறுவதற்கென்றே தனி மந்திரம் உண்டு. மாலையில் மூடிய பூ காலையில் திறப்பதுபோல் அவரும் கண் விழிப்பார் என்பது எண்ணம்.

எண்ணிலும் அல்லி புகுந்தது. எகிப்தியச் சித்திர எழுத்தில் ஆயிரத்துக்கு உரிய குறி அல்லிச் செடியின் படம்தான். வெள்ளம் வடியும் காலத்தில் வயல் முழுக்க எண்ண முடியாதபடி பூத்துக் கிடந்த செடி அது என்பதை நினைத்தால் பொருத்தம் புரியும்.

பூவின் பழைய எகிப்தியப் பெயரும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அந்தச் சொல் எபிரேய மொழிக்குப் போய் 'ஷோஷன்னா' ஆனது என்று மொழி அறிஞர்கள் விளக்குகிறார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் சூசன்னா, சூசன். நம் தோட்டத்துப் பள்ளியிலோ தேவாலயத்திலோ சூசன் என்று யாரையாவது கூப்பிட்டிருந்தால், நைல் நதியின் பூப்பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

கல்லறையில் கிடைத்த இதழ்கள்

இவையெல்லாம் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. பூவே கிடைத்திருக்கிறது.

1881ல் எகிப்தின் டெயிர் எல் பஹ்ரி மலைப்பகுதியில் பல மன்னர்களின் பதப்படுத்திய உடல்கள் ஒரே இடத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் உடலோடு அல்லி இதழ்களால் கட்டிய மாலைகளும் இருந்தன. 1922ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமன் கல்லறையில், உள் பெட்டிகளின் மேல் சார்த்தியிருந்த மலர் வளையங்களில் நீல அல்லி இதழ்கள் அடையாளம் காணப்பட்டன. ஆலிவ் இலை, கார்ன்ஃபிளவர் எனும் நீலப் பூ ஆகியவற்றோடு சேர்த்துத் தொடுத்திருந்தார்கள். எந்தப் பூ எந்த மாதம் மலரும் என்ற கணக்கை வைத்து, அந்த இளம் மன்னரின் அடக்கம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிக்குள் நடந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாவு வீட்டின் தேதியைப் பூக்கள் சொல்லியிருக்கின்றன.

அதே கல்லறையில் மரத்தாலான ஒரு சிறு சிற்பமும் கிடைத்தது. மலர்ந்த அல்லியின் நடுவிலிருந்து துத்தன்காமனின் தலை எழுகிறது. சூரியக் குழந்தை பூவிலிருந்து பிறந்த கதையை மன்னருக்குப் பொருத்திச் செய்த சிற்பம் அது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நெபமூன் கல்லறை ஓவியங்கள் கி.மு. 1350ஐ ஒட்டியவை. அவற்றில் விருந்துக்கு வந்த பெண்கள் தலையில் அல்லி சூடியிருக்கிறார்கள். சிலர் பூவை மூக்கருகே பிடித்து முகர்கிறார்கள். விருந்தினருக்கு நாம் சந்தனமும் பூவும் கொடுப்பதுபோன்ற ஒரு மரியாதை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எகிப்தியர்கள் இதைச் சாப்பிட்டார்களா?

சாப்பிட்டார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளம் சூழ்ந்த சமவெளியில் அல்லிகளைப் பறித்து வெயிலில் காயவைப்பார்கள். நடுவில் கசகசாக் காய்போல் இருக்கும் பகுதியை இடித்து ரொட்டி சுடுவார்கள். ஆப்பிள் அளவு உருண்டையான கிழங்கும் இனிப்பாக இருக்கும், அதையும் உண்பார்கள் என்பது அவர் தரும் செய்தி. ஏழைகளின் வயிற்றை நிரப்பிய உணவாக அல்லி இருந்திருக்கிறது.

மருந்து பற்றியும் சில தடயங்கள் உண்டு. ஏறக்குறைய கி.மு. 1550ல் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுருளில் நூற்றுக்கணக்கான மருந்துக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றுள் சில கலவைகளில் அத்திப்பழம் போன்றவற்றோடு அல்லியும் சேர்கிறது. அது பல சரக்குகளில் ஒன்று. அதற்கு மேல் பெரிய இடம் அங்கே தரப்படவில்லை.

பாரோக்கள் நீல அல்லியை மதுவில் ஊறவைத்துக் குடித்து மயக்கநிலையில் தெய்வக் காட்சி கண்டார்கள் என்று இன்றைய விளம்பரங்கள் சொல்கின்றன. அந்தக் கருத்து 1970களின் பிற்பகுதியிலிருந்து சில ஆய்வாளர்கள் ஓவியங்களைப் பார்த்து முன்வைத்தது. எகிப்தியவியல் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஓவியங்களில் பூவை முகர்கிறார்கள், சூடுகிறார்கள், குடிப்பதாக வெளிப்படையாக எங்கும் எழுதவில்லை என்பது அவர்கள் வாதம்.

2024ல் புதிய சான்று ஒன்று வந்தது. அமெரிக்காவின் தாம்பா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு கோப்பையை ஆய்வு செய்தார்கள். தாய்மாரையும் குழந்தைகளையும் காக்கும் குள்ளத் தெய்வமான பெஸ் முகம் செதுக்கிய கோப்பை அது. உள்ளே படிந்திருந்த கசடில் நீல அல்லியின் தடயமும், சீமை ஆழவிணை என்று சித்த மருத்துவம் சொல்லும் செடியின் தடயமும், தேன், புளித்த பழச்சாறு ஆகியவையும் தெரிந்தன. சடங்குக்காகத் தயாரித்த கலவையாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆக, ஏதோ ஒரு சடங்கில் ஏதோ ஒரு கலவையில் அல்லி குடிக்கப்பட்டிருக்கிறது. அதிலும் அது தனியாக இல்லை. வலுவான வேறு மூலிகையோடு சேர்ந்தே இருந்தது. தினமும் இரவில் ஒரு கோப்பை குடித்தால் உறக்கம் வரும் என்பதற்கு இது சான்றாகாது.

எகிப்துப் பூ நமக்கும் உறவு

1798ல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போன அறிஞர் குழுவில் சாவிஞி என்ற இளம் இயற்கையியலாளர் இருந்தார். எகிப்திய நீல அல்லிக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் அவர்தான். நீண்ட காலம் அது தனி இனமாகக் கருதப்பட்டது. இப்போது லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் பட்டியல் அதை, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியாவில் வளரும் நீல அல்லி இனத்தின் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. அதாவது நைல் நதியின் புனிதப் பூவும், தமிழில் நீலோற்பலம், கருங்குவளை என்றெல்லாம் பெயர் பெற்ற பூவும் ஒரே இனத்தின் இரு கிளைகள்.

தமிழர்கள் நீர்ப்பூக்களைக் கூர்ந்து பார்த்தவர்கள். ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை எனத் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் இவை வெவ்வேறு பூக்களாகவே வருகின்றன. கடலும் கடல் சார்ந்த நிலத்துக்கு நெய்தல் என்று பூவின் பெயரையே வைத்தோம். எகிப்தியர்கள் ஆயிரத்துக்கு அல்லியை எழுதியதுபோல் நாமும் செய்திருக்கிறோம். நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் என்பவை பேரெண்களின் பெயர்களாகப் பரிபாடலில் வருகின்றன. தொடர்பே இல்லாத இரண்டு மக்கள், எண்ணில் அடங்காததைச் சொல்லக் குளத்துப் பூவையே நினைத்தார்கள்.

ஹெரோடோட்டஸ் சொன்ன அல்லி உணவுக்கும் நம்மிடம் இணை உண்டு. புறநானூற்றின் 248ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண் வெள்ளாம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். இளமையில் அந்த ஆம்பல் அவள் உடுத்தும் தழையாக இருந்தது. இப்போது நேரம் தவறி உண்ணும் அவளுக்கு அதன் விதையே அரிசியாகிறது. ஒக்கூர் மாசாத்தனார் பாடிய அந்தச் சிறு பாட்டில், கைம்மை நோற்கும் பெண்களின் உணவு அல்லியரிசி என்ற செய்தி பதிவாகியிருக்கிறது. பஞ்ச காலத்திலும் துயர காலத்திலும் கைகொடுத்த தானியம் அது.

இன்றும் இந்தப் பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. வங்காளதேசத்தில் அல்லி விதையைப் பொரியாகப் பொரிக்கிறார்கள். தாய்லாந்தில் அல்லித் தண்டைத் தேங்காய்ப் பாலில் மீனோடு சமைக்கிறார்கள். இலங்கையில் வெள்ளை அல்லியின் விதையை 'ஓலு' அரிசி என்று சமைத்து உண்கிறார்கள்.

சித்த, ஆயுர்வேத மருத்துவம் சொல்வது

நம் மருத்துவ மரபில் அல்லி குளிர்ச்சி தரும் பொருள். இதழைக் கொதிக்கவைத்த குடிநீர் தாகம், உடல் சூடு, சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றுக்குச் சொல்லப்படுகிறது. துவர்ப்புச் சுவை உள்ள கிழங்கு வயிற்றுக் கடுப்பு, மூலம், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கான மருந்துகளில் சேர்கிறது. ஆயுர்வேதத்தில் உத்பலம் என்பது இந்தப் பூ. முகத்துக்குப் பூசும் குங்குமாதி தைலத்தின் சரக்குப் பட்டியலிலும் நீலோற்பலம் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மரபு மருத்துவர்கள் அல்லியைத் தனியாக அள்ளிக் கொடுக்கவில்லை. ஆளின் உடல்வாகு, நோய், காலம் பார்த்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். மயக்கத்துக்காகவோ போதைக்காகவோ கொடுக்கவே இல்லை. பாக்கெட்டை வாங்கி நாமே ஊறவைத்துக் குடிப்பதும், அந்த மரபும் ஒன்றாகா.

ஆய்வகம் என்ன சொல்கிறது?

இனிப்பு நீர் பற்றி அதிகம் பேர் கேட்பதால் அதை முதலில் பார்ப்போம். நீல அல்லிப் பூவின் சாறும், அதிலிருந்து பிரித்தெடுத்த நிம்ஃபேயால் என்ற பொருளும், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆர்வம் தரும் முடிவுதான். ஆனால் அது எலி. மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம், மெட்ஃபோர்மினோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எலிகளிடம் பதில் இல்லை.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் அதைவிட அதிகம். அதனால் இது நம் குடும்பங்களுக்கு நேரடியான விஷயம். மருந்தை நிறுத்திவிட்டு அல்லித் தேநீர் குடித்தால் சர்க்கரை ஏறிவிடும். மருந்தோடு சேர்த்துக் குடித்து, அது உண்மையிலேயே வேலை செய்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது.

அடுத்தது உறக்கமும் மன அமைதியும். அல்லியில் நியூசிஃபெரின் என்ற பொருள் இருப்பது பதிவாகியிருக்கிறது. தாமரையிலும் அது உண்டு. மூளையில் டோப்பமின் வேலை செய்யும் இடங்களை அது தொடுகிறது. லேசான மந்தநிலை தருவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அபோமார்ஃபின் இருப்பதாகவும் விளம்பரங்கள் சொல்கின்றன. அபோமார்ஃபின் என்பது மார்ஃபினிலிருந்து ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் மருந்து. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஊசியாகக் கொடுப்பது. அது அல்லியில் குறிப்பிடத்தக்க அளவு இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

தீங்கு பற்றிய பதிவும் உண்டு. அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் அறிக்கையில், நீல அல்லிப் பொருள்களைப் பயன்படுத்திய 5 படைவீரர்கள் நினைவு தடுமாறிய நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறார்கள். நால்வர் மின்சிகரெட்டில் இழுத்தவர்கள். ஒருவர் பானமாகக் குடித்தவர். எல்லாரும் கண்காணிப்புக்குப் பிறகு தேறிவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாலோ, ஆலையில் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாலோ என்ன ஆகியிருக்கும்?

பாக்கெட்டில் இருப்பது எந்தப் பூ?

இன்னொரு சிக்கல், வாங்குவது உண்மையான பூதானா என்பது. எகிப்தில் சதுப்பு நிலங்கள் வயலாகவும் ஊராகவும் மாறியதால் நீல அல்லி இயற்கையில் அரிதாகிவிட்டது. உலகச் சந்தைக்குப் போகும் அளவுக்கு அங்கே பூ இல்லை. ஆசியக் குளங்களில் வளரும், நிறத்தில் ஒத்த வேறு அல்லிகளும் கலப்பினங்களும் அதே பெயரில் விற்கப்படுகின்றன.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்த அசல் எகிப்திய நீல அல்லியையும், இணையத்தில் வாங்கிய பூக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாங்கியவற்றில் நியூசிஃபெரின் மிகக் குறைவாகவே இருந்தது. தோற்றம் ஒன்றுபோல் இருந்தும் சரக்கு வேறு.

நாட்டின் தேசிய மலரிலேயே இந்தக் குழப்பம் வந்ததுண்டு. இலங்கை 1986ல் நீல் மானல் என்ற நீல அல்லியைத் தேசிய மலராக அறிவித்தது. பின்னர் அந்நாட்டுத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்து, குளங்களில் பரவலாகக் காணப்படும் பளிச்சென்ற ஊதா நிற அல்லி உண்மையான நீல் மானல் இல்லை, வெளியிலிருந்து வந்த கலப்பினம் என்று காட்டினார்கள். அசல் பூ வெளிர் நீலம். ஒரு நாட்டுக்கே தன் தேசிய மலர் மாறிப்போயிருந்தது என்றால், காய்ந்து சுருங்கிய பூவைப் பாக்கெட்டில் பார்த்து நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு சின்ன அடையாளம் மட்டும் உதவும். வெந்நீரில் போட்டதும் தண்ணீர் அடர் நீலமாக மாறினால் அது சங்குப்பூ. மலாய்க்காரர்கள் நாசி கெராபுவுக்கு நிறம் ஏற்றும் பூங்கா தெலாங். நீல அல்லியை ஊறவைத்தால் மங்கலான மஞ்சள் அல்லது பழுப்பு நிறம்தான் வரும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

* இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, மனநலம், பார்க்கின்சன் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் தொடவேண்டாம். கேட்கும்போது பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

* தூக்க மாத்திரை, சளி ஒவ்வாமை மாத்திரை, மது ஆகியவற்றோடு சேர்ந்தால் மந்தநிலை கூடும்.

* கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

* இரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள் விலகியிருப்பது நல்லது.

* மின்சிகரெட் திரவமாக விற்கப்படுவதைப் பிள்ளைகள் 'மூலிகைதானே' என்று நினைக்கக்கூடும். அந்தக் குப்பியில் பூவைத் தவிர வேறு என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம்.

* மலேசியாவில் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கும் பாரம்பரிய மருந்து சுகாதார அமைச்சின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி, பாரம்பரிய மருந்தானால் 'டி' எழுத்தில் முடியும். எண் இல்லாமல் குணமாகும் என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

* குடித்தபின் குழப்பம், மார்பு படபடப்பு, இல்லாத காட்சி தெரிதல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை தருகிறது.

தோட்டப்புற வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. பழைய ஈயக் குட்டைகளிலும், செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களிலும் அல்லி தானாக வளரும். பார்க்க அழகு. ஆனால் அதன் கிழங்கையோ தண்டையோ சமைக்க எடுக்காதீர்கள். ஈயம் தோண்டிய குட்டைகளின் சேற்றில் ஆர்சனிக், காரீயம் போன்ற நச்சுகள் தங்கியிருக்கலாம். நீர்ச்செடிகள் அவற்றை வேரில் சேர்த்துவைக்கும் தன்மை உடையவை. தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லியும் உரமும் மழையில் கழுவப்பட்டுக் கால்வாய்க்குத்தான் வருகின்றன.

வீட்டில் வளர்ப்பது எளிது

குடிப்பதைவிட இந்தப் பூவை வளர்ப்பதில் கிடைக்கும் பலன் நிச்சயமானது. செடி விற்கும் நர்சரிகளில் நீல நிற அல்லிக் கிழங்கு கிடைக்கும். அகலமான ஒரு பேசினோ பழைய சிமென்ட் தொட்டியோ போதும். சிறிய சட்டியில் களிமண் நிரப்பிக் கிழங்கை நட்டு, மேலே கொஞ்சம் கூழாங்கல் பரப்பி, தொட்டிக்குள் இறக்கித் தண்ணீர் விடுங்கள். உரம் கலந்த தோட்டக் கலவை மண் வேண்டாம். அது தண்ணீரில் மிதந்து கலங்கிப்போகும். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படும் இடம் வேண்டும். வெயில் குறைந்தால் இலை மட்டும் வரும், பூ வராது.

தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதை மறக்கக்கூடாது. தொட்டியில் நாலைந்து கப்பி மீன்களை விட்டுவிட்டால் அவை கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். இருந்தாலும் வாரம் ஒருமுறை ஓரத்தைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

பூ வந்ததும் காலை எட்டு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். மெல்லிய இனிய மணம் வரும். பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் மீண்டும் திறக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டு எத்தனை நாள் திறக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.